கிளாஸில் மரம் வளர்க்காதீர்கள்

டேட்டா ஸ்ட்ரக்சர் லேபில் எல்லோரும் ஒரு மரம் வளர்த்திருப்பார்கள். நோடு என்று ஒரு கிளாஸ். அதற்குள் ஒரு பெயர், பிள்ளைகளின் பட்டியல், தாயைக் காட்டும் ஒரு பாயின்ட்டர். சேர்க்க ஒரு ஃபங்ஷன், நீக்க ஒரு ஃபங்ஷன், மொத்த மரத்தையும் சுற்றிவர ஒரு ரிகர்ஷன். எக்ஸ்டர்னல் வந்து பார்ப்பார், வைவாவில் நாலு கேள்வி கேட்பார், மார்க் போட்டுவிட்டுப் போய்விடுவார். அந்த மரத்தில் ஒரு குறையும் கிடையாது. அது மெமரியில் பிறந்து, ப்ரோகிராம் முடிந்ததும் மெமரியிலேயே செத்துப்போகிற மரம்.

வம்பு ஆரம்பிப்பது இறுதியாண்டு ப்ராஜெக்டில். அதே கிளாஸை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, "இதை எப்படி டேட்டாபேஸில் சேவ் பண்ணுவது?" என்று கேட்கிறார்கள். கேள்வியே தலைகீழ். கிளாஸை முதலில் கட்டி முடித்துவிட்டு, டேபிளை அதன் பின்னால் கயிறு கட்டி இழுக்கிறார்கள். ப்ரோகிராமை மூடிய பிறகும் உயிரோடு இருக்கப்போவது டேபிள்தான். நாளை வேறொருவர் வேறொரு மொழியில் எழுதும் ப்ரோகிராமும் அதே டேபிளைத்தான் படிக்கும். அப்படியென்றால் உண்மை எங்கே இருக்க வேண்டும்? கிளாஸிலா, டேபிளிலா?

பிள்ளைகள் பட்டியல் என்ற பொறி

தமிழ்நாட்டின் வருவாய் நிர்வாகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மாநிலம், மாவட்டம், வட்டம், குறுவட்டம், கிராமம். (நடுவில் வருவாய் கோட்டம் என்று ஒன்று உண்டு. எளிமைக்காக அதை விட்டுவிடலாம்.) கிராமங்கள் மட்டும் 16,000-க்கு மேல். இதை லேபில் எழுதிய நோடு கிளாஸில் போட்டால் என்ன நடக்கும்? பிள்ளைகளைக் கொடு என்று ஒரு ஃபங்ஷன். அது உள்ளுக்குள் ஒரு குவெரி அனுப்பும். மாநிலத்துக்கு ஒரு குவெரி, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு குவெரி, ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு குவெரி. கடைசியில் ஒவ்வொரு கிராமத்திடமும் போய், "உனக்குக் கீழே யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டு, "இல்லை" என்ற பதிலை வாங்கிக்கொண்டு வரும். மொத்தம் 16,000 குவெரிக்கு மேல். ஒன்றுக்கு ஒரு மில்லிசெகண்ட் என்றாலே 16 விநாடி. ஒரு மர மெனுவைத் திறக்க 16 விநாடி!

இதில் வேடிக்கை, கோடைப் பார்த்தால் ரொம்ப அழகாக இருக்கும். ஒரே ஒரு லூப், ஒரே ஒரு ரிகர்ஷன். டெஸ்ட் டேட்டாவில் பத்து நோடு மட்டும் இருப்பதால் டெமோவில் பறக்கும். மண்டை காய்வது பின்னால் வருகிறவருக்கு.

"ஆப்ஜெக்ட் ஓரியன்டட் என்றால் அப்படித்தான். கேங் ஆஃப் ஃபோர் புத்தகத்தில் காம்போஸிட் பேட்டர்ன் இருக்கிறதே" என்று ஜல்லியடிப்பவர்கள் உண்டு. இருக்கிறது. 1994-ல் வந்த அருமையான புத்தகம் அது. அந்தப் பேட்டர்ன் மெமரியில் இருக்கும் ஆப்ஜெக்டுகளுக்கானது. ஒரு பாயின்ட்டரைப் பின்தொடர்வதும், நெட்வொர்க் தாண்டிப் போய் ஒரு குவெரி கேட்டு வருவதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே மாதிரி காட்டுகிற கிளாஸ், தன்னைப் பயன்படுத்துகிறவரை ஏமாற்றுகிறது.

கொஞ்சம் வரலாறும் தெரிந்துகொள்வது நல்லது. டேட்டாபேஸை மரமாகவே வைத்துக்கொள்ளும் யோசனை புதிதல்ல. ஐபிஎம் நிறுவனத்தின் ஐஎம்எஸ் அப்படித்தான் இருந்தது. அப்போலோ விண்கலத் திட்டத்தின் உதிரிபாகப் பட்டியலுக்காக உருவாகி 1968-ல் ஓடத் தொடங்கியது. 1970-ல் எட்கர் காட் தன் புகழ்பெற்ற கட்டுரையில் குறையாகச் சொன்ன விஷயங்களில் ஒன்று, டேட்டாவை எந்தப் பாதையில் போய் எடுக்க வேண்டும் என்பது ப்ரோகிராமுக்குள்ளேயே ஊறிப்போய்விடுகிறது என்பது. பாதை மாறினால் ப்ரோகிராம் உடையும். ரிலேஷனல் டேட்டாபேஸ் பிறந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்த ரிலேஷனல் டேட்டாபேஸின் தலையில் பிள்ளைகள் பட்டியல் கிளாஸை உட்கார வைப்பது, 1970-க்கு முன்னால் போய்ப் படுத்துக்கொள்வதற்குச் சமம்.

முதலில், இது மரம்தானா?

பலர் இந்தக் கேள்வியையே கேட்பதில்லை. மேலே சொன்ன நிர்வாக அடுக்கில் எத்தனை நிலை? ஐந்து. நாளை ஆறாகலாமா? அரசு மனது வைத்தால் ஆகலாம், ஆனால் தினமும் ஆகாது. ஆழம் முன்கூட்டியே தெரிந்திருந்தால் அதற்கு மர கிளாஸே தேவையில்லை. ஐந்து டேபிள் போதும். வட்டம் டேபிளில் மாவட்டத்தின் ஐடி, குறுவட்டம் டேபிளில் வட்டத்தின் ஐடி. ஒரு கிராமத்தைத் தவறுதலாக நேரே மாநிலத்தின் கீழ் தொங்கவிட முடியாது. ஃபாரின் கீ விடாது. எல்லாவற்றையும் ஒரே நோடு டேபிளில் கொட்டியவருக்கு இந்தக் காவல் கிடைக்காது.

இன்னொரு சிக்கல். அதே கிராமம் ஊரக வளர்ச்சித் துறைக் கணக்கில் ஓர் ஊராட்சியில் வரும், ஊராட்சி ஓர் ஊராட்சி ஒன்றியத்தில் வரும். வட்டத்தின் எல்லையும் ஒன்றியத்தின் எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆக ஒரு கிராமத்துக்கு இரண்டு தாய். ஒரே ஒரு தாய் பாயின்ட்டர் வைத்த கிளாஸில் இதை எங்கே வைப்பது? தாய் என்பது நோடின் குணம் அல்ல, இரண்டு நோடுகளுக்கு இடையே உள்ள உறவு. இது புரிந்துவிட்டால் பாதி டிசைன் முடிந்தது.

ஆழம் தெரியாத அசல் மரங்களும் உண்டு. கோப்புறைக்குள் கோப்புறை, கமென்டுக்குப் பதில், அந்தப் பதிலுக்குப் பதில். அங்கேதான் அடுத்த சண்டை.

எண் விளையாட்டு

டேபிளில் பேரன்ட் ஐடி என்று ஒரு நெடுவரிசை வைப்பது எல்லோருக்கும் தோன்றும் எளிய வழி. "சேச்சே, அது குழந்தைத்தனம். நெஸ்டட் செட் போடு" என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். ஒவ்வொரு நோடுக்கும் இடது எண், வலது எண் என்று இரண்டு. ஒரு நோடின் எண்களுக்கு நடுவில் வருகிற எண்கள் கொண்டவை எல்லாம் அதன் வம்சம். ஒரே குவெரியில் மொத்தக் கிளையும் கையில். ஜோ செல்கோ இதைத் தன் புத்தகங்களில் விடாமல் எடுத்துச் சொன்னார். 2004-ல் மரங்களுக்கென்றே தனிப் புத்தகம் போட்டார்.

யோசனை அழகுதான். ஆனால் ஒரு நோடைச் சேர்த்தால், அதற்கு வலப்பக்கம் இருக்கும் எல்லா வரிசைகளின் எண்களும் மாற வேண்டும். நிர்வாக உதாரணத்தையே ஒரே டேபிளில் நெஸ்டட் செட்டாக வைத்ததாகக் கற்பனை செய்து பாருங்கள். 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து தென்காசி மாவட்டம் பிரிந்தது. எட்டு வட்டங்கள். பேரன்ட் ஐடி முறையில் புதிதாக ஒரு வரிசை, எட்டு வரிசைகளில் தாய் மாற்றம். முடிந்தது. நெஸ்டட் செட்டில்? நகர்ந்த கிளை மட்டுமில்லை, பழைய இடத்துக்கும் புதிய இடத்துக்கும் நடுவில் இருக்கும் சம்பந்தமே இல்லாத மாவட்டங்களும் கிராமங்களும் எண் மாற்றிக்கொள்ள வேண்டும். அதே மாதத்தில் கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு என்று இன்னும் நான்கு. 2020-ல் மயிலாடுதுறை. ஒவ்வொரு முறையும் நடுவில் ப்ரோகிராம் ஒரே டிரான்சாக்‌ஷனில் ஓடாமல் பாதியில் நின்றால், எண்கள் தாறுமாறாகி மரம் முழுவதும் பொய் சொல்லும். தாய் யார் என்று தனியாக எழுதி வைக்காவிட்டால் அதைத் திரும்பச் சரிசெய்யவும் வழி இல்லை.

இந்த எண் விளையாட்டுக்கு அன்று ஒரு நியாயம் இருந்தது. பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் உலகத்தில் ரிகர்சிவ் குவெரி கிடையாது. எஸ்க்யூஎல் தரத்தில் அது 1999-லேயே வந்துவிட்டது. ஆனால் எஸ்க்யூஎல் சர்வரில் 2005-லும், போஸ்ட்கிரெஸ்ஸில் 2009-லும், எஸ்க்யூலைட்டில் 2014-லும், மைஎஸ்க்யூஎல்லில் 2018-லும்தான் கைக்கு வந்தது. இன்று இவை எல்லாவற்றிலும் இருக்கிறது. "வித்" என்று தொடங்கும் ஒரே ஒரு குவெரி, பேரன்ட் ஐடி டேபிளிலிருந்து மொத்தக் கிளையையும் இறக்கிக் கொடுத்துவிடும். கால் உடைந்தபோது வாங்கிய ஊன்றுகோலை, எலும்பு கூடிய பிறகும் அக்குளில் இடுக்கிக்கொண்டு திரிவானேன்?

வேகம் போதவில்லை என்று நிஜமாகவே அளந்து பார்த்துத் தெரிந்தால், க்ளோஷர் டேபிள் இருக்கிறது. ஒவ்வொரு நோடுக்கும் அதன் எல்லா மூதாதையரையும் தனித்தனி வரிசையாக எழுதி வைப்பது. ஐந்து நிலை மரத்தில் 16,000 கிராமத்துக்குத் தன்னையும் சேர்த்து 80,000 வரிசை. இன்றைய டேட்டாபேஸுக்கு அது ஒரு சுமையே இல்லை. ஆனால் அது பேரன்ட் ஐடியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கட்டக்கூடிய நகலாக இருக்க வேண்டும். அசல் ஒரே இடத்தில்தான் இருக்கலாம்.

நகர்த்துவதுதான் பரீட்சை

சேர்ப்பது சுலபம், படிப்பதும் சுலபம். ஒரு மர டிசைன் உருப்படியா என்று தெரிய வேண்டுமானால், கிளையை நகர்த்திப் பாருங்கள். ஒருவர் 'அ' என்ற கோப்புறையை 'ஆ'-வுக்குள் நகர்த்துகிறார். அதே நொடியில் இன்னொருவர் 'ஆ'-வை 'அ'-வுக்குள் நகர்த்துகிறார். இருவரின் ப்ரோகிராமிலும் நோடு கிளாஸ் சமர்த்தாக, "சுழற்சி வருகிறதா?" என்று தன் மெமரியில் பார்க்கிறது. இல்லை என்கிறது. இரண்டும் சேவ் ஆகின்றன. இப்போது அ-வின் தாய் ஆ, ஆ-வின் தாய் அ. இரண்டும் வேரிலிருந்து அறுந்து அந்தரத்தில் சுற்றுகின்றன. உள்ளே இருந்த கோப்புகள் அழியவில்லை, ஆனால் மேலிருந்து போகிற யார் கண்ணுக்கும் தெரியாது. எந்த எரர் மெசேஜும் வராது.

தன் தாய் தானே ஆகக்கூடாது என்று டேபிளில் ஒரு செக் போடலாம். இரண்டு, மூன்று தாண்டிச் சுற்றி வரும் சுழற்சியை அது பிடிக்காது. கிளாஸுக்குள் எழுதும் எந்தச் சோதனையும் பிடிக்காது, ஏனென்றால் அந்தக் கிளாஸுக்குப் பக்கத்து ப்ரோகிராமில் நடப்பது தெரியாது. செய்ய வேண்டியது எளிது. நகர்த்தும் முன் மரத்தின் வேர் வரிசையைப் பூட்டிக்கொள்ள வேண்டும். பிறகு டேபிளிலேயே மூதாதையரைப் பார்த்துச் சோதித்து, தாயை மாற்றி, பூட்டை விட வேண்டும். எல்லாம் ஒரே டிரான்சாக்‌ஷனில். இரண்டாமவர் சற்றுக் காத்திருப்பார், அவ்வளவுதான்.

நேற்று யார் தாய்?

கடைசியாக ஒன்று. சங்கரன்கோவில் எந்த மாவட்டம்? இன்று தென்காசி. 2018-ல்? திருநெல்வேலி. தாயின் ஐடியை அழித்து எழுதியவுடன் அந்தப் பழைய பதில் காணாமல் போய்விடுகிறது. 2018-ம் வருட அறிக்கையை இன்று எடுத்தால், அன்று இல்லாத ஒரு மாவட்டத்தின் கணக்கைக் காட்டும். 2018-ல் சான்றிதழ் வாங்கியவரின் காகிதத்தில் திருநெல்வேலி, கம்ப்யூட்டரில் தென்காசி. கவுன்டரில் நிற்கும் மனிதர் பொய் சொல்வதாகக் கம்ப்யூட்டர் சொல்லும், உட்கார்ந்திருப்பவர் கம்ப்யூட்டரைத்தான் நம்புவார்.

உறவைத் தனி டேபிளில் வைத்தால் இந்த அவஸ்தை இல்லை. பிள்ளை, தாய், எந்த நாள் முதல், எந்த நாள் வரை. நான்கே நெடுவரிசை. மாவட்டம் பிரிந்தால் பழைய வரிசையில் முடிவு நாளை எழுதி, புதிய வரிசையைச் சேர்த்தால் போதும். எல்லா மரத்துக்கும் இது வேண்டும் என்றில்லை. ஆனால் மனிதர்களின் காகிதங்களோடு சம்பந்தப்பட்ட மரத்துக்குக் கட்டாயம் வேண்டும்.

அப்படியானால் கிளாஸ்?

கிளாஸ் வேண்டாம் என்பதில்லை. நோடு கிளாஸ் மெலிதாக இருக்கட்டும். ஐடி, பெயர், அவ்வளவுதான். பிள்ளைகள் பட்டியலும் வேண்டாம், தன்னைத்தானே சேவ் செய்துகொள்ளும் ஃபங்ஷனும் வேண்டாம். மரத்தின் வேலைகளுக்குத் தனியாக ஒரு களஞ்சிய கிளாஸ். கிளையைக் கொடு, மூதாதையரைக் கொடு, நகர்த்து, நீக்கு. ஒவ்வொன்றும் டேபிளிடம் ஒரு முறை, அல்லது ஒரு டிரான்சாக்‌ஷனில், பேசிவிட்டு வரும். திரையில் மரமாகக் காட்ட வேண்டுமா? ஒரே குவெரியில் வந்த வரிசைகளை வைத்து மெமரியில் மரம் கட்டிக்கொள்ளலாம். லேபில் எழுதிய கோடு அங்கே தாராளமாக உதவும். காட்டி முடித்ததும் அதைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

நீக்கும்போது என்ன ஆக வேண்டும் என்பதையும் முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். பிள்ளைகளும் சேர்ந்து போக வேண்டுமா, தாத்தாவிடம் ஒட்டிக்கொள்ள வேண்டுமா, பிள்ளை இருக்கும்வரை தாயை நீக்கவே கூடாதா? பதில் டேட்டாபேஸிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும், யாரோ ஒருவருடைய ஜாவா ஃபைலின் 340-வது வரியில் அல்ல.

டெமோ நாளில் பத்து நோடு மரத்தைக் காட்டிக் கைதட்டு வாங்குவதில் தப்பில்லை. அந்தக் கோடு அங்கேயே நின்றுவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அதே பழக்கம் வேலைக்கும் கூடவே போகிறது. மூன்று வருடம் கழித்து யாரோ ஒருவருடைய விண்ணப்பம், வேரிலிருந்து அறுந்த ஒரு கிளையில் எரர்கூட காட்டாமல் தொங்கிக்கொண்டிருக்கும். வைவாவில் அதைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.