டிசம்பரில் நன்கொடைக்காக பைக் ஓட்டம்: நீங்கள் கொடுக்கும் பணம் எவ்வளவு தூரம் போகிறது?

குளிர்காலம் நெருங்கும்போது அமெரிக்காவின் பல ஊர்களில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். கிறிஸ்துமஸ் தாத்தா உடையில் மோட்டார்சைக்கிளோட்டிகள் வரிசையாக வருவார்கள். ஒவ்வொரு பைக்கின் பின்னாலும் ஒரு பொம்மை கட்டப்பட்டிருக்கும். அங்கே இதை 'டாய் ரன்' என்கிறார்கள். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பண்டிகைப் பரிசு திரட்டும் ஓட்டம்.

சிங்கப்பூரில் குளிர்காலம் இல்லை. ஆனால் ஆண்டிறுதி விடுமுறை உண்டு, நன்கொடை கேட்டு வரும் இணைப்புகளும் உண்டு. "நான் 100 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டப் போறேன், ஆதரவு கொடு" என்று நண்பர் அனுப்புவார். இல்லையென்றால் "நீயும் வா" என்பார்.

நல்ல விஷயம்தான். ஆனால், பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைக் கேட்டே ஆகவேண்டும்: அந்தப் பணத்தில் எவ்வளவு, ஓட்டத்தை நடத்துவதற்கே செலவாகிறது?

பொம்மைதான் நுழைவுச்சீட்டு

'டாய் ரன்' ஓட்டங்களில் பல, 'டாய்ஸ் ஃபார் டாட்ஸ்' என்ற திட்டத்துக்காக நடக்கின்றன. 1947இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அது தொடங்கியது. அமெரிக்க மரீன் படையின் ரிசர்வ் பிரிவு அதிகாரி மேஜர் பில் ஹென்ட்ரிக்ஸ் அதைத் தொடங்கினார். அவருடைய மனைவி டயான், கையால் செய்த துணிப்பொம்மை ஒன்றை ஏழைப் பிள்ளைக்குக் கொடுக்கச் சொன்னார். அதை வாங்கிச் சேர்ப்பிக்க எந்த அமைப்பும் இல்லை. "அப்போ நீங்களே ஒன்றைத் தொடங்குங்க" என்ற யோசனைதான் திட்டமானது. முதல் ஆண்டிலேயே சுமார் 5,000 பொம்மைகள் சேர்ந்தன. அடுத்த ஆண்டு நாடு முழுக்கப் பரவியது. அதன் ரயில் சின்னத்தை வடிவமைத்தவர் வால்ட் டிஸ்னி.

'டாய் ரன்' ஓட்டம் ஒன்றில் கலந்துகொள்ள வழக்கமாக ஒரு புதுப் பொம்மை போதும். அதைப் பரிசுத்தாளில் சுற்றாமல் கொண்டு வரவேண்டும். எந்த வயதுப் பிள்ளைக்குப் பொருந்தும் என்று பார்த்துப் பிரிக்க அது வசதி. பைக் அவரவருடையது, பெட்ரோலும் அவரவர் செலவு. அதனால் கொண்டுவந்த பொம்மை அப்படியே பிள்ளையிடம் போய்ச் சேர்கிறது.

எல்லா ஓட்டமும் அப்படி இல்லை.

நேரடியாவே கொடுத்துடலாமே, எதுக்கு ஓட்டணும்?

நியாயமான கேள்வி. ஆய்வாளர்களும் இதைக் கேட்டிருக்கிறார்கள். கிறிஸ்டஃபர் ஒலிவோலா, எல்டார் ஷாஃபிர் இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு விநோதமான முடிவு கிடைத்தது. வலியும் உழைப்பும் கலந்த நிகழ்ச்சி என்றால் மனிதர்கள் அதிகம் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். சுலபமான, ஜாலியான நிகழ்ச்சிக்கு அந்த அளவு கொடுப்பதில்லை.

நமக்கு இது புதிதல்ல. காவடி எடுப்பவரையும் பாதயாத்திரை போகிறவரையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கஷ்டப்பட்டுச் செய்யும் காரியத்துக்குத் தனி மதிப்பு உண்டு என்பது நமக்குத் தெரியும்.

ஆக, ஓட்டம் வெறும் விளம்பரம் இல்லை. இல்லாவிட்டால் வந்தே இருக்காத பணத்தை அது கொண்டுவருகிறது.

அப்போ சிக்கல் எங்கே?

செலவில். சாலைப் பாதுகாப்பு, முதலுதவி, காப்புறுதி, சாப்பாடு, தண்ணீர், டீசட்டை, பதக்கம் எல்லாவற்றுக்கும் யாரோ பணம் கொடுக்கவேண்டும்.

அமெரிக்காவின் இரண்டு சைக்கிளோட்டங்களை ஒப்பிட்டுப் பார்த்தால் புரியும். இரண்டுமே குளிர்கால ஓட்டங்கள் அல்ல, ஆனால் கணக்கு ஒன்றுதான்.

முதலாவது, 'பான்-மாசசூசெட்ஸ் சேலஞ்ச்'. 1980இல் 36 பேருடன் தொடங்கியது. அந்த ஆண்டு திரண்டது 10,200 அமெரிக்க டாலர். டேனா-ஃபார்பர் புற்றுநோய்க் கழகத்துக்காக நடக்கும் இந்த ஓட்டத்தில், சைக்கிளோட்டிகள் திரட்டும் நன்கொடை முழுவதும் கழகத்துக்கே போகிறது. நடத்தும் செலவைப் பதிவுக் கட்டணமும் ஆதரவாளர்களும் பார்த்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது, கலிஃபோர்னியாவின் 'எய்ட்ஸ்/லைஃப்சைக்கிள்'. சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை ஏழு நாள், சுமார் 877 கிலோமீட்டர். 2002இல் தொடங்கியதிலிருந்து 300 மில்லியன் டாலருக்கும் மேல் திரட்டிய ஓட்டம் அது. ஆனாலும் 2025 ஜூன் மாதத்தோடு நிறுத்தப்பட்டது. நடத்தும் செலவு கூடியது, சேர்பவர்களின் எண்ணிக்கை குறைந்தது. நல்ல நோக்கமும் நல்ல பெயரும் இருந்தும் கணக்கு ஒத்துவரவில்லை.

சிங்கப்பூரில் விதி என்ன?

இங்கே '30/70' என்ற விதி இருக்கிறது. பதிவுபெற்ற அறநிறுவனம் ஓராண்டில் நிதி திரட்டச் செலவு செய்வது, நிதி திரட்டிலும் ஆதரவாளர்களிடமிருந்தும் கிடைத்த மொத்தத் தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது.

ஆனால் கவனிங்க, அது அறநிறுவனத்தின் ஓராண்டு மொத்தக் கணக்கு. நீங்கள் சேரும் அந்த ஓர் ஓட்டத்தின் கணக்கு வேறாக இருக்கலாம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. பதிவுக் கட்டணத்தையும் நன்கொடையையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். ஓர் உதாரணக் கணக்கு: 60 வெள்ளி கட்டிப் பதிவு செய்கிறீர்கள். டீசட்டை, பதக்கம், சாப்பாடு, காப்புறுதிக்கு 60 வெள்ளி ஆகிவிட்டால் நன்கொடை பூஜ்யம். அதன்பிறகு நண்பர்களிடம் நீங்கள் திரட்டித் தரும் பணம்தான் உண்மையான உதவி.

ஐபிசி எனப்படும் பொதுநல அமைப்புத் தகுதி இருக்கிறதா என்றும் பார்க்கலாம். அப்படிப்பட்ட அமைப்புகளுக்குக் கொடுக்கும் தகுதிபெற்ற நன்கொடைக்கு 2016 முதல் 250 விழுக்காடு வரிக்கழிவு உண்டு. அமைப்பின் பதிவையும் தகுதியையும் அரசாங்கத்தின் அறநிறுவன இணையவாசலில் சில நிமிடங்களில் சரிபார்க்கலாம்.

வெளிநாட்டு அறப்பணிக்காக இங்குள்ள பொதுமக்களிடம் நிதி திரட்டுவதற்கு அறநிறுவன ஆணையரின் அனுமதி தேவை. வெளிநாட்டுக் குளிர்கால ஓட்டத்தில் சேர்ந்துவிட்டு, இங்கே சமூக ஊடகத்தில் எல்லாரிடமும் நன்கொடை கேட்கத் திட்டமிட்டால் முதலில் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாலையும் வானிலையும்

நல்ல காரியத்துக்காக ஓட்டுவதால் சாலை விதிகள் மாறுவதில்லை. 2022 ஜனவரி முதல் தேதியிலிருந்து சிங்கப்பூர்ச் சாலைகளில் ஒரு குழுவில் ஒற்றை வரிசை என்றால் அதிகபட்சம் 5 பேர். இருவர் இருவராகச் செல்லும்போது 10 பேர். குழுக்களுக்கு இடையே இரண்டு விளக்குக் கம்பங்களின் தூரம், அதாவது சுமார் 30 மீட்டர் இடைவெளி விடுவது நல்லது. சாலையில் தலைக்கவசம் கட்டாயம். ஏற்பாட்டாளர் 50 பேரை ஒரே கூட்டமாக அனுப்புகிறார் என்றால், சாலையை மூட அனுமதி வாங்கினாரா என்று கேளுங்கள்.

டிசம்பரில் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொள்ளும். பலத்த மழை பெய்தால் ஓட்டம் ஒத்திவைக்கப்படுமா, கட்டணம் என்னாகும் என்பது முன்கூட்டியே எழுத்தில் இருக்கவேண்டும்.

குளிர் நாட்டில் ஓட்டப் போகிறவர்களுக்கு வேறு சவால். வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது, 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று முகத்தில் அடித்தால் உடலுக்கு அது சுமார் மைனஸ் 6 டிகிரி போலத் தெரியும். விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிப்பதே கஷ்டம். சாலையில் படியும் மெல்லிய பனிக்கட்டி கண்ணுக்கே தெரியாது. நம்ம ஊர் வெயிலில் எடுத்த பயிற்சி அங்கே கைகொடுக்காது.

சேருமுன் கேட்க நான்கு கேள்விகள்

1. பணம் எந்த அமைப்புக்குப் போகிறது? அது பதிவுபெற்றதா?

2. பதிவுக் கட்டணத்தில் நன்கொடை எவ்வளவு? நடத்தும் செலவை யார் ஏற்கிறார்கள்?

3. சென்ற முறை எவ்வளவு திரண்டது, எவ்வளவு ஒப்படைக்கப்பட்டது என்று வெளியிட்டிருக்கிறார்களா?

4. காப்புறுதி, முதலுதவி, மழை ஏற்பாடு என்ன?

இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. ஒழுங்காக நடத்துபவர்களிடம் பதில் தயாராக இருக்கும். பதில் சரியாக வந்தால் தாராளமாகச் சேருங்கள், நண்பர்களையும் அழையுங்கள். மழுப்பினால், சைக்கிளை உங்கள் ஆசைக்கு ஓட்டுங்கள். கட்டணமாகக் கொடுக்க நினைத்த பணத்தை உங்களுக்குப் பிடித்த அறநிறுவனத்துக்கு நேரடியாகவே அனுப்பிவிடுங்கள்.