மும்பை மாநகராட்சியின் வைப்பு நிதி: எந்த ரூபாய் யாருடையது என்று எழுதி வையுங்கள்

மும்பைவாழ் தமிழ்க் குடியிருப்பாளர்களின் நிலைப்பாட்டு அறிக்கை

மும்பை மாநகராட்சி வங்கிகளில் போட்டு வைத்திருக்கும் பணத்தைப் பற்றி இந்த ஊரில் இரண்டே பேச்சுதான் கேட்கிறது. ‘அதைத் தொடாதே’ என்கிறது ஒரு தரப்பு. ‘சும்மா கிடக்கும் பணத்தை எடுத்துச் செலவழி’ என்கிறது இன்னொரு தரப்பு. தாராவி, சயான், மாட்டுங்கா, ஆண்டாப் ஹில், செம்பூர் பகுதிகளில் வாழும் தமிழர்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் அமைப்பு இந்த இரண்டையும் ஏற்கவில்லை. அந்தப் பணத்தில் பிறருக்குத் திருப்பித் தர வேண்டியது எவ்வளவு, நடந்துகொண்டிருக்கும் வேலைகளுக்கு ஒதுக்கியது எவ்வளவு, ஆபத்துக் காலத்துக்கு என்று உண்மையிலேயே மிஞ்சுவது எவ்வளவு என்று முதலில் பிரிக்க வேண்டும். ஆபத்துக் காலப் பணம் இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று ஓர் எல்லை வேண்டும். எடுப்பதற்கும் திரும்ப நிரப்புவதற்கும் விதிகள் வேண்டும். இவை அனைத்தையும் மாமன்றம் வாக்கெடுத்து நிறைவேற்ற வேண்டும். இதுவே எங்கள் நிலைப்பாடு.

பல்லாயிரம் கோடிக் கணக்கில் நமக்கென்ன வேலை என்று எங்கள் ஆட்களே கேட்கிறார்கள். தாராவியில் பிரசவ வலி வந்தாலும், ரயிலில் அடிபட்டாலும் ஓடுவது சயான் ஆஸ்பத்திரிக்கு. அதை நடத்துவது மாநகராட்சி. தமிழ்வழி மாநகராட்சிப் பள்ளிகள் இன்றும் இயங்குகின்றன. நகரத்துக்குக் கட்டப்படும் ஏழு புதிய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் ஒன்று தாராவியில் வருகிறது, நாளொன்றுக்கு 418 மில்லியன் லிட்டர் கொள்ளளவில். கையிருப்பு கரைந்து நெருக்கடி வந்தால் கையெழுத்தான பெரிய ஒப்பந்தங்களை நிறுத்துவது கடினம். வெட்டு விழுவது செவிலியர் பணியிடங்களிலும், பள்ளிப் பிள்ளைகளுக்குத் தரும் பொருட்களிலும், பொதுக் கழிப்பறைப் பராமரிப்பிலும்தான். அதனால்தான் இந்தக் கணக்கைக் கேட்கிறோம்.

பணம் எப்படிச் சேர்ந்தது என்று பார்த்தாலே அதை எப்படிக் காக்க வேண்டும் என்பதும் விளங்கும். 2017 ஜூலை 1 வரை மும்பையின் முதன்மை வருமானம் ஆக்ட்ராய். நகர எல்லைச் சாவடிகளில் சரக்கு நுழையும்போதே வசூலாகி, மாநகராட்சியின் கைக்கு நேரடியாக வந்த பணம் அது. ஜி.எஸ்.டி. வந்த அன்று அது நின்றது. அதற்குப் பதிலாக மாநில அரசு இழப்பீடு தருகிறது. 2016-17-ஐ அடிப்படையாக வைத்து ஆண்டுக்கு 8 சதவீதம் கூட்டித் தர வேண்டும் என்பது சட்டம். 2025-26 பட்ஜெட்டில் இந்த ஓர் இனத்தில் மட்டும் 14,000 கோடி ரூபாய்க்கு மேல் எதிர்பார்க்கப்பட்டது. மாதத்துக்கு ஏறக்குறைய 1,200 கோடி. தானே வசூலித்த வரியின் இடத்தில், இன்னொரு அரசு அனுப்பும் தொகையை மாநகராட்சி எதிர்பார்த்திருக்கிறது. அது இரண்டு மாதம் தாமதமானால் என்ன செய்வது என்ற கேள்விக்கான விடைதான் கையிருப்பு.

இரண்டாவது பெரிய வரவு, கட்டுமான நிறுவனங்கள் கூடுதல் தளப்பரப்புக்குச் செலுத்தும் பிரீமியம். 2021-ல் மாநில அரசு இந்தப் பிரீமியத்தை ஓராண்டுக்குப் பாதியாகக் குறைத்தது. சலுகை முடிவதற்குள் பிரீமியத்தைச் செலுத்திவிட நிறுவனங்கள் முண்டியடித்தன. அந்த நிதியாண்டில் இந்த இனத்தில் வந்த தொகை மாநகராட்சி மதிப்பிட்டதைப் போலப் பல மடங்கு. வைப்பு நிதி 92,000 கோடி ரூபாயை நெருங்கி உச்சத்தைத் தொட்டதும் அதே 2021-22-ல்தான். ஒரு முறை வந்து நின்றுபோகும் இத்தகைய வருமானத்தை நம்பி ஆண்டுதோறும் தொடரும் செலவு எதையும் தொடங்கக் கூடாது. அது கையிருப்புக்குப் போக வேண்டும், அல்லது நிலைத்து நிற்கும் சொத்தாக மாற வேண்டும். 2022 ஜனவரி முதல் 500 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்குச் சொத்து வரி இல்லை. எங்கள் உறுப்பினர்களில் பலர் அதனால் பயன் பெறுகிறார்கள், நாங்கள் அதை ஆதரிக்கிறோம். ஆனால் ஆண்டுதோறும் வராமல் போகும் வரியை ஆண்டுதோறும் வரும் வேறொரு வருமானம்தான் ஈடுகட்ட வேண்டும். வைப்பு நிதியை உடைத்து ஈடுகட்டினால் ஒருநாள் வைப்பும் இருக்காது, சலுகையும் இருக்காது.

இப்போது அந்தத் தொகைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 2025 பிப்ரவரி நிலவரப்படி ஏறத்தாழ 81,700 கோடி. அதில் ஏறக்குறைய பாதி மாநகராட்சியின் பணமே அல்ல. தொழிலாளர்களின் வருங்கால வைப்பு நிதி, ஓய்வூதியம், பணிக்கொடை, ஒப்பந்ததாரர்கள் கட்டிய பிணைத் தொகை என்று திருப்பித் தர வேண்டிய தொகைகள். குடித்தனக்காரர் கொடுத்த டெபாசிட்டும் வீட்டுக்காரரின் சொந்தச் சேமிப்பும் ஒரே பீரோவில் இருந்தால், பீரோவைத் திறந்து பார்ப்பவருக்கு வீட்டுக்காரர் பெரும் பணக்காரராகத்தான் தெரிவார். மீதிப் பாதியைத் திட்டங்களுக்கு என்று மாநகராட்சியே கணக்குக் காட்டுகிறது. ஆனால் ஒப்புக்கொண்ட திட்டங்களின் மொத்தப் பொறுப்பு 2 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். கடற்கரைச் சாலையின் தென்பகுதி, 10.58 கிலோமீட்டர், மாநகராட்சியின் சொந்தப் பணத்தில் கட்டப்பட்டது. கோரேகாவ்-முலுண்ட் இணைப்புச் சாலை, சுத்திகரிப்பு நிலையங்கள், சாலைகளுக்குக் கான்கிரீட் என்று வரிசை நீள்கிறது. நஷ்டத்தில் ஓடும் பெஸ்ட் பேருந்துகளுக்கு 2025-26-ல் ஒதுக்கியது 1,000 கோடி. ‘ஆசியாவின் பணக்கார மாநகராட்சி’ என்று பெருமையாகச் சொல்லும் அந்தத் தொகையில், நாளைக்கே வெள்ளம் வந்தால் யாரையும் கேட்காமல் எடுக்கக்கூடியது எவ்வளவு? அந்த ஒரு எண்ணைத்தான் நாங்கள் கேட்கிறோம்.

எங்களுக்கு இன்னும் கவலை தருவது அகக் கடன். சிறப்பு நிதிகளிலிருந்து பொதுக் கணக்குக்குத் தற்காலிகமாக மாற்றுவது. 2025-26 பட்ஜெட்டில் இப்படி 16,000 கோடி ரூபாய்க்கு மேல் காட்டப்பட்டது. அகக் கடன் தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. வெளியே அதிக வட்டிக்கு வாங்குவதைவிடத் தன் பணத்தைத் தானே புரட்டிக்கொள்வது சில நேரங்களில் புத்திசாலித்தனம். ஆனால் தற்காலிகம் என்றால் திரும்பும் நாள் வேண்டும். எந்த நிதியிலிருந்து எடுத்தது, என்ன வட்டி, எந்த ஆண்டுக்குள் எந்த வருமானத்திலிருந்து திரும்பும் என்ற நான்கும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பட்ஜெட்டிலேயே அச்சாக வேண்டும். துப்புரவுத் தொழிலாளியின் ஓய்வூதியத்துக்காகச் சேர்த்த நிதியிலிருந்து எந்தக் காரணத்துக்காகவும் எடுக்கக் கூடாது. அந்தத் துப்புரவுத் தொழிலாளர்களில் எங்கள் மக்களும் இருக்கிறார்கள்.

இதில் நியூயார்க்கின் அனுபவம் நமக்குப் பாடம். 1975-ல் அந்த நகரம் திவாலின் விளிம்புக்குப் போய்த் திரும்பியது. அதன்பின் வந்த கடுமையான விதிகள் பட்ஜெட் ஆண்டுதோறும் சமநிலையில் முடிய வேண்டும் என்றன. நல்ல விதிதான். ஆனால் ஓர் ஆண்டின் உபரியை இன்னோர் ஆண்டின் கஷ்ட காலத்துக்கென்று வெளிப்படையாகச் சேர்த்து வைக்க அதில் வழியில்லாமல் போயிற்று. நகரம் என்ன செய்தது? ஓய்வுபெற்ற ஊழியர்களின் மருத்துவச் செலவுக்காக 2006-ல் ஏற்படுத்திய அறக்கட்டளை நிதியில் கூடுதலாகப் போட்டு வைத்து, 2020-ல் கொரோனா நெருக்கடி வந்தபோது அதிலிருந்து எடுத்தது. 2019 நவம்பரில் மக்கள் வாக்களித்து நகரச் சாசனத்தைத் திருத்திய பிறகுதான் ஆபத்துக் கால நிதி ஒன்றுக்கு வாசல் திறந்தது. ஆபத்துக்கென்று பெயர் சொல்லி ஒரு நிதி இல்லாத ஊரில், ஆபத்து வந்தால் ஓய்வூதியர்களின் பணத்தில்தான் கை போகும்.

சிகாகோ இன்னும் கசப்பான கதை. 2008 டிசம்பரில் நகரத்தின் சுமார் 36,000 பார்க்கிங் மீட்டர்களை 75 ஆண்டுக் குத்தகைக்குத் தனியாரிடம் கொடுத்து, ஏறத்தாழ 115 கோடி டாலர் வாங்கினார்கள். அதில் 40 கோடி டாலரை நீண்டகாலக் கையிருப்பாக வைத்து, மீட்டர் வருமானம் போன இழப்பை அதன் வட்டியில் ஈடுகட்டுவதாகத் திட்டம். சில ஆண்டுகளுக்குள் பட்ஜெட் ஓட்டைகளை அடைப்பதற்கே பெரும்பகுதி போய்விட்டது. குத்தகை 2080-களின் தொடக்கம் வரை இருக்கிறது. நிதி இருந்தது, பெயரும் இருந்தது. எடுப்பதைத் தடுக்கும் வலுவான விதி இல்லை.

ஆகவே எல்லையைப் பற்றிச் சொல்கிறோம். அமெரிக்க, கனடிய அரசு நிதி அலுவலர்களின் சங்கம், சாதாரணச் செலவில் குறைந்தது இரண்டு மாத அளவாவது கட்டுப்பாடற்ற கையிருப்பாக இருக்க வேண்டும் என்கிறது. மும்பைக்கு மூன்று மாதம் வேண்டும் என்பது எங்கள் கருத்து. 2025-26-ன் வருவாய்ச் செலவு 31,204 கோடி. மூன்று மாதத்துக்கு ஏறக்குறைய 7,800 கோடி. ஏன் மூன்று? இந்த ஊர் கடலோரத் தாழ்நிலம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அன்று உறவினரையும் வீட்டையும் இழந்தவர்கள் எங்கள் தெருக்களில் இருக்கிறார்கள். 2020-ல் கொரோனா மாதக்கணக்கில் இழுத்தது. இவற்றோடு மாநிலத்தின் இழப்பீட்டை நம்பியிருக்கும் நிலையும் சேர்கிறது. 80,000 கோடி வைத்திருக்கும் மாநகராட்சிக்கு 7,800 கோடி எல்லை எதற்கு என்று அதிகாரிகள் கேட்கலாம். பணம் இருக்கும்போதுதான் இந்த விதியை எழுத முடியும், இல்லாதபோது எழுதினால் அதைக் காக்கப் பணம் இருக்காது. எல்லைக்குக் கீழே போக வேண்டுமென்றால் மாமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். காரணம் எழுத்தில் இருக்க வேண்டும், மூன்று ஆண்டுகளுக்குள் நிரப்பும் திட்டமும் அதே தீர்மானத்தில் இருக்க வேண்டும். மாநில அரசின் பிற முகமைகளுக்கு இந்தப் பணத்திலிருந்து கொடுப்பதற்கும் இதே விதி.

யார் முடிவெடுப்பது என்பதில் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். 2022 மார்ச்சில் பழைய மாமன்றத்தின் காலம் முடிந்தது. 2026 ஜனவரியில்தான் தேர்தல் நடந்தது. இடையில் 2023-24, 2024-25, 2025-26 பட்ஜெட்டுகளை மாநகராட்சி நிர்வாகமே முன்வைத்து, நிர்வாகி என்ற முறையில் ஆணையரே ஏற்றுக்கொண்டார். வைப்பு நிதி இறங்கியதும் திட்டப் பொறுப்புகள் ஏறியதும் இந்தக் காலத்தில்தான். யார் மீதும் குற்றம் சாட்டுவது எங்கள் நோக்கமல்ல. ஆனால் அந்த ஆண்டுகளில் உடைக்கப்பட்ட ஒவ்வொரு வைப்பின் கணக்கும், தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் முன் ஒரு முறை முழுமையாக வைக்கப்பட வேண்டும். இங்கிலாந்தில் 2003-ம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம், கையிருப்பு போதுமா என்று தலைமை நிதி அலுவலர் பட்ஜெட் நேரத்தில் எழுத்தில் சொல்ல வேண்டும் என்றும், மன்றம் அதைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. அந்தச் சான்று மட்டுமே காப்பாற்றிவிடாது, 2023 செப்டம்பரில் பர்மிங்காம் நகர மன்றம் புதிய செலவுகளை நிறுத்தும் அறிவிப்பு விட நேர்ந்தது. இருந்தாலும் ஒரு பொறுப்பான அலுவலரின் கையெழுத்து மும்பை பட்ஜெட்டிலும் வேண்டும்.

பணத்தை எங்கே வைப்பது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறோம்: முதலில் பாதுகாப்பு, பிறகு உடனே எடுக்கும் வசதி, கடைசியில்தான் வட்டி. 2020 மார்ச்சில் யெஸ் வங்கி மீது கட்டுப்பாடு வந்தபோது பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியின் 900 கோடி ரூபாய்க்கு மேல் அங்கே மாட்டிக்கொண்டது. கட்டுப்பாடு சீக்கிரம் விலகியது, பணமும் தப்பியது. ஆபத்துக் கால நிதியில் எந்த ஒரு வங்கியிலும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. எந்த வங்கியில் எவ்வளவு என்பதை மூன்று மாதத்துக்கு ஒரு முறை வெளியிட வேண்டும்.

கடன் வாங்குவது பற்றி எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. நீண்ட விவாதத்துக்குப் பின் பெரும்பான்மையோர் வந்த முடிவு இது: சுத்திகரிப்பு நிலையம் போன்ற, இரண்டு தலைமுறை பயன்படுத்தும் கட்டுமானத்துக்குக் கையிருப்பை வழித்தெடுப்பதைவிட, புனே 2017-ல் குடிநீர்த் திட்டத்துக்காக 200 கோடிக்குப் பத்திரம் வெளியிட்டதைப் போல அளவோடு கடன் வாங்குவது நியாயம். வைப்பில் வரும் வட்டிக்கும் கடனுக்குக் கொடுக்கும் வட்டிக்கும் உள்ள சிறிய இடைவெளி, ஆபத்துக்குக் கையில் பணம் வைத்திருப்பதற்கான விலை. சம்பளத்துக்கும் அன்றாடச் செலவுக்கும் கடன் கூடவே கூடாது என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்றாக நின்றோம்.

அடுத்த பட்ஜெட் பிப்ரவரியில் நிலைக்குழுவின் முன் வரும். அதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே கையிருப்புக் கொள்கையின் வரைவை வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்று ஆணையரையும் நிலைக்குழுத் தலைவரையும் கேட்டுக்கொள்கிறோம். எங்கள் பகுதிகளின் மாமன்ற உறுப்பினர்கள் ஒவ்வொருவரையும், கட்சி வேறுபாடு இல்லாமல், நேரில் சந்தித்து மூன்று மாத எல்லையை ஏற்கிறார்களா, மாட்டார்களா என்று எழுத்தில் பதில் கேட்போம். வரும் பதில்களைக் கிடைத்தபடியே தமிழில் அச்சிட்டு எங்கள் தெருக்களில் வினியோகிப்போம்.