கடைமடையும் பள்ளிக்கூடமும்

பள்ளிக்கூடத்தை மூடுவது என்றால் ஒரு காலத்தில் சர்க்காருக்குச் சற்றுக் கூச்சம் இருந்தது. இப்போது அந்தக் கூச்சத்துக்கு அவசியமே இல்லாமல் போய்விட்டது. 'மூடுகிறோம்' என்று எந்த உத்தியோகஸ்தரும் வாய் திறந்து சொல்வதில்லை. 'பக்கத்துப் பள்ளியோடு இணைக்கிறோம்' என்கிறார்கள். 'நூலகமாக மாற்றுகிறோம்' என்கிறார்கள். 'பிள்ளைகள் வந்தால் மறுபடியும் திறப்போம்' என்கிறார்கள். வார்த்தைகள்தாம் வேறு வேறு. கதவில் தொங்குகிற பூட்டு ஒன்றுதான்.

கோபிசெட்டிபாளையத்துக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் தனி அக்கறை இருக்க நியாயம் உண்டு. 2017 முதல் 2021 வரை தமிழ்நாட்டின் பள்ளிக் கல்வி அமைச்சராக இருந்த செங்கோட்டையன் அப்போது இந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். 2019ஆம் ஆண்டில், பிள்ளைகள் இல்லையென்று 40க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளைத் தற்காலிக நூலகங்களாக மாற்ற ஏற்பாடாயிற்று. எழுத்துக் கற்பிக்கிற இடத்தை எடுத்துவிட்டு, எழுத்தை வாசிக்கிற இடத்தை வைப்பது! நல்ல வேடிக்கைதான். சரி, அந்தக் கட்சிதான் அப்படி என்று யாரும் மகிழ்ந்துவிட வேண்டாம். ஆட்சி மாறியது, 2025இல் இருநூறுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஒரு பிள்ளைகூட இல்லை என்று அதே கணக்கு மறுபடியும் வந்தது. கொடிகளின் நிறம் மாறுகிறது. பூட்டின் நிறம் மாறுவதில்லை.

"பிள்ளையே இல்லாத பள்ளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதற்குக் கோபி வட்டாரத்து விவசாயியிடமே விடை இருக்கிறது. கொடிவேரி அணையிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை என்று இரண்டு வாய்க்கால்கள் பிரிகின்றன. ஏறக்குறைய 24,500 ஏக்கர் அவற்றை நம்பியிருக்கிறது. தலைமடையில் உள்ளவர்கள் இஷ்டத்துக்கு மடையைத் திறந்து தண்ணீரை இழுத்துக்கொண்டால் கடைமடை காயும். காய்ந்த பிறகு ஓர் அதிகாரி வந்து, "இங்கே பயிரே இல்லை, ஆகவே வாய்க்காலைத் தூர்த்துவிடலாம்" என்று எழுதினால் அந்த விவசாயி சும்மா இருப்பானா? மேலே மடையைத் திறந்துவிட்டது யார் என்றுதான் முதலில் கேட்பான்.

நானும் அதையே கேட்கிறேன். மடையைத் திறந்தது யார்?

ஒரு மடையைத் திறந்தது சர்க்காரேதான். 2010 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின்படி, தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். அதற்கான பணத்தை அரசு கொடுக்கும். ஏழைக்கு நன்மைதானே என்று தோன்றும். ஆனால் தன் பள்ளியில் இடம் காலியாகக் கிடக்க, அங்கே வரக்கூடிய பிள்ளையைத் தன் செலவிலேயே எதிர்க் கடைக்கு அனுப்பிவிட்டு, "என் கடையில் வியாபாரம் இல்லை" என்று கதவைச் சாத்துகிற முதலாளியை நீங்கள் எங்காவது கண்டதுண்டா? கர்நாடக அரசு 2019இல் விழித்துக்கொண்டது. அக்கம்பக்கத்தில் அரசுப் பள்ளி இருந்தால் தனியார் பள்ளியில் அந்த ஒதுக்கீடு வேண்டியதில்லை என்று விதியை மாற்றியது.

இன்னொரு மடை, ஆசிரியர் கணக்கு. அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்கிறது அதே சட்டம். வகுப்புகளோ ஐந்து. இருவரில் ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் மிச்சமிருப்பவர் ஐந்து வகுப்புக்கும் என்ன செய்வார்? இதைப் பார்த்த பிறகும் பெற்றோர் பிள்ளையை அங்கேயே விடவேண்டும் என்று எதிர்பார்ப்பது தர்மமாகுமா?

மூன்றாவது மடையைத் திறந்தவர்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம், இந்தக் கட்டுரையைப் படிக்கிற கனவான்களும் சீமாட்டிகளுமாகிய நீங்கள்தாம். காலை ஏழு மணிக்கு மஞ்சள் வேன் உங்கள் வாசலில் வந்து நிற்கிறது. பிள்ளையை எங்கே சேர்ப்பது என்பது உங்கள் உரிமை. அதில் தலையிட நான் யார்? ஆனால் ஊர்ப் பள்ளியை விட்டு உங்கள் பிள்ளை மட்டும் போகவில்லை. அதிகாரியிடம் நியாயம் கேட்கத் தெரிந்த உங்கள் நாக்கும் கூடவே போய்விட்டது. கேட்கத் தெரிந்தவர்கள் போனார்கள். கேட்கப் பயப்படுகிறவர்களின் பிள்ளைகள் மிஞ்சினார்கள். அதன் பிறகு ஓட்டை உடைந்தால் கேட்பாரில்லை. ஆசிரியர் இல்லாவிட்டால் கேட்பாரில்லை.

மிஞ்சிய அந்த ஏழெட்டுப் பிள்ளைகள் யார்? மஞ்சள் காட்டில் களை எடுக்கிறவளின் மகள். செங்கல் சூளைக்கு வந்தவரின் மகன். தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கவேண்டும் என்று விதி சொல்கிறது. வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் என்பது அரை அங்குலம். லாரி பறக்கும் சாலையில் அது வேறு. சத்தியமங்கலம் மலைப் பக்கம் யானை நடமாடும் தடத்தில் அது முற்றிலும் வேறு. "ஏனுங்க, அஞ்சு வயசுப் புள்ளைய எப்படீங்க ரோடு தாண்டி அனுப்பறது?" என்று ஒரு தாய் கேட்டால், எந்தச் சுற்றறிக்கையில் அதற்குப் பதில் இருக்கிறது?

"கேட்டால் மட்டும் நடந்துவிடுமா?" என்று அலுத்துக்கொள்கிறவர்கள் பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் பார்க்கட்டும். கோழிக்கோட்டில் மலாப்பறம்பு என்ற இடத்தில் ஓர் உதவி பெறும் பள்ளி. பிள்ளைகள் நூறு பேர்கூட இல்லை. லாபமில்லை என்று மூட விரும்பினார் நிர்வாகி. 2014 ஏப்ரலில் ஓர் இரவில் கட்டிடமே இடிக்கப்பட்டது. ஊரார் அழுதுகொண்டிருக்கவில்லை, கைகோத்துக் கட்டிடத்தை மறுபடி எழுப்பினார்கள். நீதிமன்றத்தின் உத்தரவோடு மூட வந்த அதிகாரிகளை வாசலில் மறித்தார்கள். 2016 ஜூனில் பள்ளி மூடப்பட்டபோது பிள்ளைகளைக் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்கள். அந்த ஆண்டிலேயே கேரள அரசு பள்ளியைத் தன் பொறுப்பில் ஏற்றது. பள்ளி லாபம் தரவேண்டிய வியாபாரமல்ல என்பதை அந்த ஊர் தன் அரசாங்கத்துக்குப் பாடமாகவே சொல்லிக் கொடுத்துவிட்டது.

நமக்கும் இது புதிதல்ல. 1954இல் காமராஜ் முதலமைச்சரானபின், பள்ளியில்லாத ஊர்களைத் தேடித் தேடிப் பள்ளி திறந்தார்கள். நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்து நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் ஜனங்கள் பெஞ்சு கொடுத்தார்கள், மணி கொடுத்தார்கள், கரும்பலகை கொடுத்தார்கள். அப்படி ஊரார் கொடுத்து வளர்த்த பள்ளியை ஊராரைக் கேட்காமல் பூட்டுவதற்கு ஓர் அலுவலகத்துக்கு ஏது பாத்தியதை?

ஆகவே நான் கேட்பது பெரிய வரமல்ல. சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அந்தக் குழுவும் கிராம சபையும் கூடித் தீர்மானம் செய்யாமல் எந்தப் பள்ளியையும் மூடலாகாது. பிள்ளைகள் பத்துக்குக் கீழே குறைந்தால், குறைந்தது ஏன் என்று ஊரைக் கூட்டிக் கேட்கவேண்டும். ஆசிரியரைக் குறைப்பதற்குப் பதில் ஒருவரைக் கூட்டிப் பார்க்கவேண்டும்.

வேன் வைத்து அனுப்புகிற பெற்றோருக்கும் ஒரு வேலை உண்டு. அடுத்த கிராம சபை நாளில் போய் உட்காருங்கள். உங்கள் பிள்ளை அங்கே படிக்காவிட்டால் என்ன? உங்கள் தோட்டத்துக்கு வேலைக்கு வருகிறவளின் பிள்ளை படிக்கிறது. அவளுக்காக எழுந்து நின்று ஒரு வார்த்தை பேசுங்கள். கடைமடைக்குத் தண்ணீர் விடச் சொல்லித் தலைமடைக்காரனே கேட்டுவிட்டால், அப்புறம் எந்த அதிகாரி வாய்க்காலைத் தூர்க்க வருவான்?