போட்ஸ்வானாவின் துப்பறியும் பெண்மணி

துப்பறியும் நாவல் என்றால் முதல் அத்தியாயத்திலேயே ஒரு பிணம் விழவேண்டும், கடைசி அத்தியாயத்தில் குற்றவாளியின் கையில் விலங்கு ஏறவேண்டும் என்று எதிர்பார்த்துப் பழகிவிட்ட வாசகர்களை, அலெக்ஸாண்டர் மெக்கால் ஸ்மித் 1998-ஆம் ஆண்டு தொடங்கி, இருபதுக்கும் மேற்பட்ட தொகுதிகளாக வளர்த்துக்கொண்டே வந்திருக்கும் ‘நம்பர் ஒன் லேடீஸ் டிடெக்டிவ் ஏஜென்ஸி’ நாவல் வரிசை இரண்டு கட்சியாகப் பிரித்துவிட்டது. நோயிலும் துக்கத்திலும் கையில் எடுப்பதற்கு இவற்றைப் போன்ற புஸ்தகங்கள் வேறு இல்லை என்று ஒரு சாரார் சொல்ல, தேநீர் குடிப்பதையும் பழைய வேனின் சத்தத்தையும் பற்றிப் பக்கம் பக்கமாகப் படிக்கவா துப்பறியும் கதை வாங்கினோம் என்று மற்றொரு சாரார் சலித்துக்கொள்கிறார்கள். சலித்துக்கொள்பவர்களின் ஆக்ஷேபங்களில் ஒன்று நியாயமானது. ஆனால் அது அவர்கள் அடிக்கடி சொல்லும் ஆக்ஷேபம் அன்று என்பது என் அபிப்பிராயம்.

போட்ஸ்வானாவின் தலைநகரான கபரோனில் பிரெஷஸ் ரமோட்ஸ்வே என்ற பெண்மணி ஒரு துப்பறியும் ஸ்தாபனத்தை ஆரம்பிக்கிறாள். தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் உழைத்து, நுரையீரல் நிறையத் தூசியுடன் ஊர் திரும்பிய தகப்பனார் ஓபெத், தம் ஆயுளையே ஈடுவைத்துச் சேர்த்த மாட்டு மந்தையை மகளுக்கு விட்டுச் செல்கிறார். அந்த மாடுகளை விற்ற பணந்தான் மூலதனம். காரியதரிசிக் கல்லூரியில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு மதிப்பெண் வாங்கிய மக்குட்ஸி என்ற உதவியாளரும், மோட்டார் பட்டறை வைத்திருக்கும் மட்டெகோனி என்ற உத்தமரும் அவளுக்குத் துணை. காணாமற்போன கணவன்மார், ஏமாற்றும் வேலைக்காரர்கள், மகளின் போக்கை வேவு பார்க்கச் சொல்லும் தகப்பன்மார் முதலிய சில்லறை விவகாரங்களே பெரும்பாலும் அவளிடம் வருகின்றன.

இவற்றில் துப்பறிவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் முதல் தொகுதியின் முதல் வழக்கையே மறுபடி படித்துப் பார்க்க வேண்டும். நல்ல சம்பாத்தியமுள்ள ஒரு பெண்ணின் வீட்டுக்கு ஒருவன் வந்து, சிறு வயதில் உன்னைப் பிரிந்துபோன தகப்பன் நான்தான் என்று சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே வேளை தவறாமல் சாப்பிட்டுக்கொண்டு காலங்கழிக்கிறான். அவன் மெய்யான தகப்பன்தானா என்று அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம். சந்தேகப்படுவதே பாபமோ என்று அதைவிடப் பெரிய வேதனை. ரமோட்ஸ்வே அம்மாள் நர்ஸ் உடை தரித்து அவனிடம் போய், மகள் விபத்தில் சிக்கிவிட்டாள், தகப்பனின் ரத்தம் ஏராளமாக வேண்டும், கொடுப்பவர் உயிர் பிழைப்பதே நிச்சயமில்லை என்கிறாள். சற்று நேரத்தில் அவன் வாயாலேயே உண்மை வந்துவிடுகிறது. கைரேகையும் பூதக்கண்ணாடியும் இல்லாமல், பெற்றவன் எதைச் செய்வான், பெறாதவன் எதைச் செய்யமாட்டான் என்ற மனித சுபாவத்தின் ஞானம் ஒன்றையே கொண்டு நடத்திய விசாரணை அது. இதைத் துப்பறிதல் அன்று என்று தள்ளுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

சொன்னதையே சொல்கிறார் என்ற குற்றச்சாட்டிலும் எனக்கு அவ்வளவாக உடன்பாடு இல்லை. அந்தத் தொண்ணூற்றேழு மதிப்பெண்ணும், செம்புதர்த் தேநீரும், அநாதை விடுதித் தலைவி பொடோக்வானி நீட்டும் பழக் கேக்கும் திரும்பத் திரும்ப வருவது மெய்தான்; ஆனால் பல வருஷங்களாக ஒரு குடும்பத்தாருடன் பழகுகிறவர்கள், அவர்கள் சொன்ன கதையையே திரும்பச் சொல்வதைப் பொறுத்துக்கொள்வது மட்டுமல்ல, அதை எதிர்பார்த்தும் உட்காருகிறார்கள்.

கனமான ஆக்ஷேபம் வேறு. எடின்பரோ சர்வகலாசாலையில் வைத்தியச் சட்டம் போதித்த ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் ஆப்பிரிக்காவைச் சர்க்கரைப் பாகில் தோய்த்துக் கொடுக்கிறார் என்பது அது. இதில் பாதி அநியாயம். அவர் பிறந்தது இன்றைய ஜிம்பாப்வேயின் புலவாயோ நகரில். போட்ஸ்வானாவில் தங்கிச் சட்டம் கற்பித்தவர். 1966-ல் சுதந்திரம் பெற்றது முதல் தவறாமல் தேர்தல் நடத்தி, வைரத்தில் கிடைத்த செல்வத்தைக்கொண்டு பள்ளிக்கூடமும் சாலையும் போட்டுக்கொண்ட ஒரு தேசத்தின் சாந்தத்தை எழுதுவது பொய்யாகாது. ஆப்பிரிக்கா என்றால் பஞ்சமும் படுகொலையுமே என்று நினைப்பவர்களுக்கு அது அவசியமான மருந்துங்கூட.

மற்றப் பாதியைத்தான் நான் ஏற்கிறேன். 2000-ஆம் ஆண்டையொட்டி அந்நாட்டில் வயதுவந்தோரில் சுமார் நாலில் ஒருவரை எய்ட்ஸ் கிருமி பற்றியிருந்தது. ஒரு தலைமுறையையே புதைத்துக்கொண்டிருந்த அந்த வியாதியை இந்த நாவல்கள் பெரும்பாலும் பெயர் சொல்லாமல், ஜாடையாகத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. முதல் தொகுதியின் மென்மை அப்படிப்பட்டதல்ல. அதில் ரமோட்ஸ்வே அம்மாள், ஊதுகுழல் வாசிக்கும் கணவனிடம் அடி வாங்கியவள்; பிறந்த சில நாட்களிலேயே சிசுவைப் பறிகொடுத்தவள்; மந்திரவாதத்துக்காகக் கடத்தப்பட்டானோ என்று அஞ்சப்படும் சிறுவனைத் தேடிக் காட்டுப்பாதையில் போகிறவள். அவளுடைய கருணைக்குப் பின்னால் அத்தனை துயரம் நிற்பதனாலேயே அதற்கு ஒரு பலம் இருந்தது. பிற்காலத் தொகுதிகளில் துயரம் கரைந்து, கருணை மட்டும் மிஞ்சி, கூடவே பலமும் குறைந்துபோயிற்று.

அந்தத் துயரத்தை நேராகவே எழுதியவர் ஒருவர் உண்டு. ரமோட்ஸ்வே அம்மாளின் சொந்த ஊராகக் கதை சொல்லும் மொச்சூடியிலேயே மெய்யாகப் பிறந்த யூனிட்டி டௌ அவர். அந்நியரை மணந்த பெண்ணின் குழந்தைகளுக்குப் பிரஜா உரிமை இல்லை என்ற சட்டத்தை எதிர்த்து வழக்காடி வென்றவர். இந்த வரிசையின் முதல் நாவல் வெளிவந்த அதே 1998-ல் நாட்டின் உயர்நீதிமன்றத்துக்கு முதல் பெண் நீதிபதியானவர். எய்ட்ஸ் நோய்க்குப் பிள்ளைகளைப் பறிகொடுக்கும் ஒரு குடும்பத்தைப் பற்றி 2000-லும், மந்திர மருந்துக்காகப் பலியிடப்படும் ஒரு சிறுமியைப் பற்றி 2002-லும் அவர் எழுதிய நாவல்கள் வெளிவந்தன. மெக்கால் ஸ்மித்தின் புஸ்தகங்கள் கோடிக்கணக்கில் விற்க, டௌவின் புஸ்தகங்களை விரும்பித் தேடுபவர்கள் மிகச் சிலராக இருப்பது நீதியன்று.

ஆகையால் இந்த வரிசையைப் புதிதாகத் தொடங்குபவர்கள் இடையில் கிடைத்த தொகுதியை எடுத்துவிட்டு ஏமாறாமல், முதல் நாவலிலிருந்தே ஆரம்பிக்க வேண்டுகிறேன். அதை முடித்ததும், இரண்டாவதைத் தேடிப் போகுமுன், யூனிட்டி டௌவின் நாவல் ஒன்றையும் வாங்கிப் படியுங்கள்.