பழைய கணினி என்ன பாவம் செய்தது?

"சிஸ்டம் ஸ்லோவா இருக்கு, நாளைக்கு வாங்க..." சிறிய அலுவலகங்களில் இந்தப் பதிலைக் கேட்டுத் திரும்பாதவர்கள் குறைவு. காரணம் கேட்டால், கணினி பழசு, புதுசு வாங்கப் பணம் இல்லை என்பார்கள். அதில் பாதிதான் உண்மை.

வெம்பாக்கம், ஆரணி பக்கத்தில் ஒரு சிறிய நெசவாளர் சங்க அலுவலகத்தைக் கற்பனை செய்து பாருங்கள். எடை போட்டுக் கொடுத்த பாவு, ஊடை, சரிகை. திரும்பி வந்த சேலை. கொடுக்க வேண்டிய கூலி... எல்லாமே கணக்கு. நாலைந்து மேஜை, நாலைந்து கணினி. ஒரே கூலிப் பட்டியல் மூன்று கணினிகளில் மூன்று விதமாக இருக்கும். எது கடைசியாகத் திருத்தியது என்பது டைப் செய்தவருக்குத்தான் தெரியும். அவர் லீவு என்றால் போச்சு! ஹார்டு டிஸ்க் போனால் அதைவிட மோசம். நஷ்டம் தறியில் உட்கார்ந்திருப்பவருக்கு.

இங்கே ஒரு புதுக் கணினி வந்தால் என்ன ஆகும்? பட்டியலுக்கு நாலாவது பிரதி ஒன்று சேரும், அவ்வளவுதான். பணம் முதலில் போக வேண்டிய இடம் வேறு.

முதலில் கேபிள். பழைய இடங்களில் இன்னும் ஹப் இருந்தால் அதைத் தூக்கிவிட வேண்டும். ஹப் ஒரு கணினி அனுப்புவதை எல்லாக் கணினிக்கும் அனுப்பும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் பேச முடியும். சுவிட்ச் உரிய கணினிக்கு மட்டும் அனுப்பும். ஜன்னல் வழியாக இழுத்து, எலி கடித்து, டேப் சுற்றிய கேபிளையும் மாற்ற வேண்டும். கணினியின் மேல் விழும் பழி பல நேரம் இந்தக் கேபிளுடையது!

அடுத்து, கோப்புகள் எல்லாம் ஒரே இடத்துக்கு வர வேண்டும். இருப்பதில் நல்ல கணினி ஒன்றை சர்வராக்கி, யூ.பி.எஸ். கொடுத்து, தினமும் வெளி ஹார்டு டிஸ்கில் பேக்கப் எடுக்க வேண்டும். எடுத்ததும் டிஸ்கைக் கழற்றிவிட வேண்டும். ஏன்? 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை, விண்டோஸின் கோப்புப் பகிர்வில் இருந்த ஓட்டை வழியாகக் கணினிக்குக் கணினி தாவியது. ஆந்திரக் காவல்துறைக் கணினிகளும் தப்பவில்லை. மைக்ரோசாஃப்ட் அந்த ஓட்டையை மார்ச்சிலேயே அடைத்திருந்தது. ஆனால் 2014லேயே ஆதரவு நிறுத்தப்பட்ட எக்ஸ்பிக்கு அந்தத் திருத்தம் தாக்குதலுக்குப் பிறகுதான் பொதுவில் கிடைத்தது. எக்ஸ்பி கணினியை நெட்வொர்க்கில் விட்டுவைப்பது, கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவது மாதிரி.

அப்படியானால் பழைய கணினி குப்பைக்கா? தேவையில்லை. 2007 வாக்கில், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனமே தன் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 கேட்பதால், நன்றாக ஓடும் கணினிகள்கூட 'பழசு' ஆகிவிட்டன. பட்டியல் போட, கடிதம் அடிக்க, இணையம் பார்க்க அவற்றுக்கு லினக்ஸ் தாராளமாகப் போதும்.

டாலி? கைரேகைக் கருவி? நியாயமான கேள்விதான். சில வேலைகளுக்கு விண்டோஸ் வேண்டும். அதற்கு ஒரு புதுக் கணினி வாங்கலாம். ஐந்து எதற்கு?

யாராவது திட்டம் போட்டுத் தரட்டும் என்று காத்திருக்கவும் முடியாது. 2022ல் மத்திய அரசு 2,516 கோடி ரூபாயில் 63,000 சங்கங்களைக் கணினிமயமாக்க ஒப்புதல் தந்தது. ஆனால் அது தொடக்க வேளாண் கடன் சங்கங்களுக்கு. நெசவாளர் சங்கங்கள் அதில் வராது.

ஒரு சுவிட்ச், கொஞ்சம் கேபிள், ஒரு வெளி ஹார்டு டிஸ்க், ஒரு ஞாயிற்றுக்கிழமை. இவ்வளவு செய்த பிறகும் "நாளைக்கு வாங்க" என்றால், அப்போது புதுக் கணினி கேட்கட்டும்.