நாளும் நாதமும்: ஜூன் 24

ஜூன் திங்களின் இறுதி வாரத்தில் நுவரெலியாப் பக்கம் மழை கொட்டிக்கொண்டிருக்க, மலைக்கு இப்புறம் வலப்பனையிலோ வறட்டுக் காற்று தகரக் கூரைகளை ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கும். அக்காற்றினூடே அண்டை வீட்டு வானொலியிலிருந்து ஒரு பழம்பாடல் மிதந்து வருமாயின், இரண்டு பேரை நாம் நினையாதிருத்தல் இயலாது. 1927ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் காரைக்குடிக்கு அண்மையிலுள்ள சிறுகூடல்பட்டியில் முத்தையா என்னும் குழந்தை பிறந்தது. சரியாக ஓராண்டு கழித்து, 1928ஆம் ஆண்டு அதே ஜூன் 24இல், பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் விசுவநாதன் என்னும் குழந்தை பிறந்தது. முன்னவர் கவியரசு கண்ணதாசன். பின்னவர் மெல்லிசை மன்னர் எம். எஸ். விசுவநாதன். சொல்லும் இசையும் ஒரே திகதியைத் தேர்ந்து பிறந்தன என்று சோதிடர் எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாமும் சோதிடத்தை நம்பத் தொடங்கியிருப்போம்.

இருவரும் செல்வச் செழிப்பில் வளர்ந்தவர் அல்லர். விசுவநாதன் நான்கு வயதிலேயே தந்தையை இழந்து, கண்ணனூரில் பாட்டனாரின் ஆதரவில் வளர்ந்தார்; நீலகண்ட பாகவதரிடம் இசை பயின்றார். நடிகராக வேண்டுமென்ற ஆசையோடு படத்தொழிலுக்குள் நுழைந்து, ஜூபிடர் நிறுவனத்தில் எடுபிடி வேலை செய்து, ஆர்மோனியப் பெட்டியின் அருகே இடம் பிடித்தவர் அவர். முத்தையாவோ எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, வேலை தேடி அலைந்து, பத்திரிகை ஆசிரியராகிக் கண்ணதாசன் என்று தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்டார். அவருடைய முதல் திரைப்பாடல் 1949இல் வெளியான ‘கன்னியின் காதலி’ என்ற ஜூபிடர் படத்தில் இடம்பெற்றது.

1952இல் இசையமைப்பாளர் சி. ஆர். சுப்பராமன் அகால மரணம் எய்தினார். அவரிடம் உதவியாளராயிருந்த விசுவநாதனும் வயலின் வித்தகர் டி. கே. ராமமூர்த்தியும் அவர் விட்டுச்சென்ற ‘தேவதாஸ்’ படப் பணியை முடித்துக் கொடுத்தனர். அதே ஆண்டில் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் ‘பணம்’ படத்தில் இருவரும் இரட்டையராக இசையமைத்தனர். 1961ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள்: ‘பாவ மன்னிப்பு’, ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’ ஆகிய மூன்றும் அவ்வோராண்டிலேயே வந்தன. மூன்றிலும் இசை இவ்விரட்டையருடையது. பாடல்களில் கண்ணதாசனின் முத்திரை. 1963இல் சென்னையில் நடந்த பாராட்டு விழாவில் இவர்களுக்கு ‘மெல்லிசை மன்னர்கள்’ என்ற பட்டம் வழங்கப்பட்டது. 1965இல் இரட்டையர் பிரிந்தனர். ஆயினும் கவிஞருக்கும் விசுவநாதனுக்கும் இருந்த பிணைப்பு தளரவில்லை. 1968இல் வெளியான ‘குழந்தைக்காக’ படத்துக்கு இசை விசுவநாதன். அப்படத்தின் பாடலுக்காகவே, சிறந்த பாடலாசிரியருக்கான இந்திய தேசிய விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதனைக் கண்ணதாசன் பெற்றார்.

மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா என்று பண்டிதர்கள் வாதிடுவதுண்டு. இவ்விருவரும் இரு வழியிலும் நடந்தவர்கள். விசுவநாதன் ஆர்மோனியத்தில் விரல் வைத்துத் தத்தகாரத்தில் மெட்டைப் பாடுவார், அந்தத் ‘தன்னன்னா’வின் நெடில் குறில்களை அளந்து கவிஞர் வாய்மொழியாகவே வரிகளைச் சொல்வார், பஞ்சு அருணாசலம் போன்ற உதவியாளர் எழுதிக்கொள்வார். வேறு சமயங்களில் கவிதை முந்திவரும். மெட்டு அதன் பின்னே நடக்கும். கேட்பவருக்கு எது முந்தியது என்று தெரியாதிருப்பதே இவர்கள் வெற்றி என்பது நமது துணிபு. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: மெட்டுக்கு எழுதும்போது சொல்லை நீட்டி முழக்கிப் பொருளைக் கொன்றவர்கள் அக்காலத்திலும் இருந்தனர். கண்ணதாசன் அக்கூட்டத்தைச் சேர்ந்தவர் அல்லர்.

இந்த ஜூன் 24க்கு வேறொரு பெருமையும் உண்டு. அது கிறிஸ்தவர்கள் கொண்டாடும் அருளப்பர் என்னும் திருமுழுக்கு யோவானின் திருநாள். பதினோராம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த குயிதோ என்ற துறவி, பாடகர்களுக்குச் சுரம் கற்பிக்க எளிய வழி தேடினார். அத்திருநாளில் பாடப்பெறும் இலத்தீன் துதிப்பாடலின் ஒவ்வோர் அடியும் முந்திய அடியைவிட ஒரு படி உயர்ந்த சுரத்தில் தொடங்குவதை அவர் எடுத்துக்கொண்டு, அவ்வடிகளின் முதல் அசைகளையே சுரப் பெயர்களாக்கினார். ஊத், ரே, மி, ஃபா, சொல், லா என்பன அவை. பிற்காலத்தில் ‘ஊத்’ என்பது ‘தோ’ ஆயிற்று. ஏழாவது சுரமும் சேர்ந்தது. நமது ‘ச ரி க ம’ அதனினும் தொன்மையானது என்று மார்தட்டுவோர் தட்டட்டும். மேலைநாட்டு இசைக்குப் பெயர் சூட்டிய பாடலும் இந்நாளுக்குரியதே என்பதுதான் நமக்கு இனிக்கும் செய்தி.

ஜெஃப் பெக் என்ற ஆங்கிலக் கித்தார் கலைஞர் 1944இலும், மிக் ஃபிளீற்வூட் என்ற மேளக் கலைஞர் 1947இலும் இதே நாளில் பிறந்தவர்கள். அவர்களைப் பற்றி எழுத இளைஞர்கள் பலர் உளர். நாம் ஆர்ஜென்டீனாவுக்குச் செல்வோம்.

அந்நாட்டின் டாங்கோ இசையை உலகெங்கும் பரப்பியவர் கார்லோஸ் கார்தெல். கணீரென்ற குரல், திரைப்படங்களிலும் நடித்தவர், தம் பாடல்கள் பலவற்றுக்குத் தாமே மெட்டமைத்தவர். அம்மெட்டுகளுக்குச் சொல் தந்தவர் அல்ஃபிரெதோ லெ பெரா. 1935ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள், இசைப் பயணத்தின் நடுவே, கொலம்பியாவின் மெதெயின் நகர விமானத் தளத்தில் அவர்கள் ஏறிய விமானம் கிளம்புகையில் மற்றொரு விமானத்தின்மீது மோதித் தீப்பற்றியது. பாடகரும் பாடலாசிரியரும் ஒருங்கே மாண்டனர். கார்தெலின் உடல் நெடும்பயணம் செய்து 1936இல் புவனோஸ் ஐரெஸ் நகரை அடைந்தது. அங்குள்ள சிலையின் விரலிடுக்கில் எரியும் சிகரெட்டை வைத்துச் செல்வது இரசிகர்களின் வழக்கம். அவர் பிறந்த நாளாகிய டிசம்பர் 11 அந்நாட்டின் டாங்கோ தினம். அதுவே நம் பாரதியாரின் பிறந்த நாளும் ஆகும். மெதெயினில் சொல்லும் இசையும் ஒரே தீயில் அவிந்தபோது, சிறுகூடல்பட்டிச் சிறுவனுக்கு வயது எட்டு. எலப்புள்ளிச் சிறுவனுக்கு ஏழு. அன்று அவ்விருவருக்கும் பிறந்த நாள்.

சென்னையில் பிறந்த பாடல்கள் நம் மலைகளுக்கு வந்த வழியும் விந்தையானது. 1952இல் இந்திய அமைச்சர் பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களை ஒதுக்கினார். உடனே இந்திய நேயர்களின் செவி கொழும்பை நோக்கித் திரும்பியது. 1957இல் விவிதபாரதி தொடங்கும்வரை, தமிழ்நாட்டவரும் தம் ஊர்ப் பாட்டைக் கேட்க இலங்கை வானொலியின் சிற்றலையை நாடினர். மயில்வாகனத்தின் குரலை அறியாத தமிழ் வீடு அன்று அரிது. இராகலையிலும் உடப்புசல்லாவையிலும் ஹைபொரஸ்ட்டிலும் லயத்துக்கு ஒரு வானொலி இருந்தாலே அதிகம். அந்த ஒரு வானொலிக்கு முப்பது பேர் கூடுவர்.

இங்கே ஒரு குடும்பக் கதையைச் சொல்லாதிருக்க மனம் வரவில்லை. நமது அத்தையார் ஒருவர், கொழுந்து பறிப்பதில் கைதேர்ந்தவர், தமது பிறந்த நாளை அறியாதவர். “பெரிய மழையில மண்ணு சரிஞ்ச வருசம்” என்பதே அவர் ஜாதகம். 1968இல் நாம் தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பு. வானொலியில் பிறந்த நாள் வாழ்த்துக் கூறுவதைக் கேட்ட நமது தமையனார், அத்தையின் பெயரையும் அனுப்ப வேண்டுமென்றார். திகதி? சினிமாச் சஞ்சிகை ஒன்றில் கண்ணதாசனின் பிறந்த நாளைப் படித்திருந்த அவர், தபாலட்டையில் ஜூன் 24 என்று எழுதிவிட்டார். அன்று காலை பெரட்டுக்குப் போகும் அவசரத்திலும் அத்தை காம்பராவின் வாசலில் நின்றார். பெயர் வந்தது. தோட்டத்தின் பெயரும் வந்தது. அத்தை கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, “ஆகாசத்துல கூட என் பேரு தெரியுதா?” என்று கேட்டவர், அன்று முழுதும் மலையில் யாரிடமும் அதிகம் பேசவில்லையாம்.

விளையாட்டாக எழுதிய அத்திகதி அதோடு நிற்கவில்லை. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று கணக்கிட்டுப் பிரித்தது நேயர்கள் அறிந்ததே. அத்தை வீட்டார் இந்தியக் கணக்கில் விழுந்தனர். விண்ணப்பத்தில் பிறந்த திகதி கேட்டார்கள். அத்தை தயங்காமல் ஜூன் 24 என்றார். அந்த நாளே அவருடைய கடவுச்சீட்டில் ஏறியது, தலைமன்னாரில் கப்பலேறியது, நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்கென அமைந்த தேயிலைத் தோட்டத்துப் பதிவேட்டிலும் ஏறியது.

நாம் இப்பத்தியில் வாரந்தோறும் பிறந்த நாளும் மறைந்த நாளும் எழுதுகிறோம். ஆனால் கொழுந்து மலையில் பாட்டுக் கட்டியவர்களுக்கு நாளும் இல்லை, பெயரும் இல்லை. அவர்கள் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளையின் உழைப்பினால் வரிகள் தப்பின. மேடைதோறும் தொழிலாளர் துயரைப் பாடிய மீனாட்சி அம்மையின் பாடல்கள் அச்சேறியதால் பிழைத்தன. மற்றவை பாடியவர்களோடு போயின. நமது அத்தையும் பாட்டுக் கட்டுவார். அவற்றில் ஒன்றையேனும் நாம் எழுதி வைக்கவில்லை. தபாலட்டைக்குக் காசு செலவிட்ட நமக்கு, ஒரு கொப்பி வாங்கத் தோன்றவில்லை.

1981ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் கண்ணதாசன் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் காலமானார். உடல் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு அரசு மரியாதை செய்யப்பெற்றது. மறுமாதம் நீலகிரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அண்டை வீட்டுப் பையனைக் கொண்டு அத்தை எழுதுவித்தது. தேயிலை விலை, மருமகளின் பிரசவம், குளிர் ஆகியவற்றுக்குப் பின் கடைசியில் இப்படி இருந்தது: “நம்ம நாளுல பொறந்த மனுசன் போயிட்டாருப்பா. இனி அந்த நாளு எனக்கு ஒருத்திக்குத்தானா?”

மெல்லிசை மன்னர் விசுவநாதன் 2015 ஜூலை 14 வரை வாழ்ந்தவர். அவரும் அதே நாளில் பிறந்தவர்தாம், அத்தை தனித்திருக்கவில்லை என்று அன்றே மறுமொழி எழுதி, இராகலைத் தபாற் கந்தோரில் சேர்த்தோம்.