கம்ப்யூட்டர் யார் வீட்டுப் பிள்ளைக்கு?

"கூலிக்காரன் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் எதற்கு? முதலில் அ, ஆ எழுதப் படிக்கட்டும்!"

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் ஆரம்பப் பள்ளியிலேயே கம்ப்யூட்டர் கற்றுக் கொடுக்க வேண்டும் என்று நாம் பேசுகிற இடத்திலெல்லாம் இந்தக் குரல் எழுகிறது. இப்படிக் கேட்பவர் யார்? எல்.கே.ஜி. முதல் கம்ப்யூட்டர் வகுப்பு நடக்கும் தனியார் பள்ளிக்குப் பீஸ் கட்டி, தம் பேரனை வேன் ஏற்றி அனுப்புகிற கனவான்! அவர் வீட்டுப் பிள்ளைக்கு அமிர்தமாக இருப்பது சேரிப் பிள்ளைக்கு மட்டும் ஆகாத பண்டமாகி விடுகிறதாம்!

அ, ஆ வேண்டாம் என்று நாம் எப்போது சொன்னோம்? 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 80 பேர், பெரம்பலூரில் 74, அரியலூரில் 71. நம் அப்பனையும் ஆத்தாளையும் கைநாட்டாகவே வைத்திருந்த கூட்டம் இன்று அ, ஆவுக்காகக் கண்ணீர் வடிக்கிறது! அன்று மிராசுதாரின் புரோ நோட்டில் கைநாட்டு வைத்தோம். இன்று ரேஷன் கடை மிஷினில் வைக்கிறோம். நாற்று நட்டு, களை பறித்துத் தேய்ந்த விரலின் ரேகையை அந்த மிஷின் பல சமயம் ஏற்பதில்லை. ஏன் ஏற்கவில்லை என்று கேட்கக்கூட நமக்குத் தெரிவதில்லை.

தோழர்களே! கம்ப்யூட்டர் வேண்டுமா வேண்டாமா என்று கேட்கும் காலம் போய்விட்டது. அது நம் வீட்டுக்குள் வந்துவிட்டது, எஜமானாக வந்திருக்கிறது. நூறு நாள் வேலையில் என்ன நடந்தது? 2023 ஜனவரி முதல் தினம் இரண்டு வேளை செல்போனில் படம் பிடித்து ஏற்றினால்தான் வருகைப் பதிவு என்று மத்திய சர்க்கார் கட்டாயமாக்கியது. ஏரிக்கரையில் சிக்னல் கிடைக்காவிட்டால், மண் வெட்டியவளின் கூலிக்கே ஆபத்து. அரியலூர் சிமெண்ட் ஆலைகளைப் பாருங்கள். சுண்ணாம்புக்கல் நம் மண்ணில் வெட்டப்படுகிறது. சூளையின் சூட்டைக் கண்ட்ரோல் ரூம் திரை பார்த்துக் கொள்கிறது. அந்தத் திரைக்கு முன் உட்காருகிறவர் எத்தனை பேர் காண்ட்ராக்ட் கூலியின் பிள்ளைகள்? மூட்டை தூக்குமிடத்தில் மட்டும் நமக்கு எப்போதும் இடம் உண்டு!

குழுமூர் அனிதாவை இந்த ஜில்லா மறக்காது. மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். பிளஸ் டூவில் 1,200க்கு 1,176 வாங்கியும், 2017இல் நீட் என்ற சல்லடை அவளைக் கீழே தள்ளிற்று. சல்லடைகள் பெருகிக் கொண்டே போகின்றன. என்.ஐ.டி.யில் இன்ஜினீயரிங் சேர எழுதும் ஜே.இ.இ. மெயின் பரீட்சை, 2019 முதல் முழுக்கக் கம்ப்யூட்டரில்தான். ஆறு வயதிலிருந்து அதைத் தொட்டுப் பழகியவனோடு, பரீட்சைக்கு முந்தின மாதம் தொட்ட பிள்ளை போட்டியிட வேண்டும். இதற்குப் பெயர் தகுதியாம்!

"எல்.ஐ.சி.யில் கம்ப்யூட்டரை எதிர்த்தவர்கள்தானே நீங்கள்?" என்று சிலர் நம்மைக் குத்திக் காட்டுகிறார்கள். ஆம், 1960களில் ஊழியர்கள் எதிர்த்தார்கள். ஆளைக் குறைக்க வந்த மிஷினை எதிர்த்தார்கள். ஆட்குறைப்பை எதிர்க்கும் மில் தொழிலாளி தறியையா வெறுக்கிறான்?

கல்வியைக் கடைச் சரக்காக்கியவர்களின் கதை வேறு. ஒயிட்ஹேட் ஜூனியர் என்றொரு கம்பெனி, ஆறு வயதுப் பிள்ளைக்கும் புரோகிராம் எழுதக் கற்றுத் தருவதாகக் கடை விரித்தது. 2020இல் பைஜூஸ் அதை 30 கோடி டாலர் கொடுத்து வாங்கிற்று. புரோகிராம் படித்து, கூகுளில் கோடிக் கணக்கில் சம்பளம் வாங்கும் உல்ஃப் குப்தா என்ற சிறுவனை விளம்பரத்தில் காட்டினார்கள். அப்படி ஒரு சிறுவனே இல்லை! தாய் தகப்பனின் ஏக்கத்தைக் காசாக்கும் பகற்கொள்ளை. 2024இல் பைஜூஸ் திவால் வழக்கில் போய் நின்றது.

சரி, சர்க்கார் பள்ளியில் என்ன நடக்கிறது? 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள் அமைக்கும் திட்டமும், ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்கு 79,723 டேப்லெட்டுகள் வழங்கும் திட்டமும் 2024இல் தமிழ்நாட்டில் தொடங்கின. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் திரை சுவரில். டேப்லெட் ஆசிரியர் கையில். பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது? சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்தவன் படம் எடுக்கக் கற்றுக் கொள்வதில்லை. இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்பை மேய்க்கும் பள்ளிகள் எத்தனை! அவர்களுடைய நேரத்தையும் வருகைப் பதிவு, புள்ளிவிவரம் என்று எமிஸ் ஆப் தின்று தீர்க்கிறது. கம்ப்யூட்டரில் பி.எட். முடித்த பட்டதாரிகளோ ஆயிரக்கணக்கில் வேலைக்குக் காத்து நிற்கிறார்கள்.

டில்லியின் கூத்து இதைவிடப் பெரிது. 2026-27 முதல், மூன்றாம் வகுப்பிலிருந்தே செயற்கை நுண்ணறிவுப் பாடம் என்று 2025 அக்டோபரில் அறிவித்தார்கள். அதே டில்லி சர்க்கார்தான், புதிய கல்விக் கொள்கையையும் பி.எம்.ஸ்ரீ திட்டத்தையும் தமிழ்நாடு ஏற்கவில்லை என்று சொல்லி, 2024-25க்குரிய கல்வி நிதி 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது. ஆசிரியர் சம்பளத்துக்குரிய பணத்தைப் பிடித்துக் கொண்டு, பிள்ளைக்கு அறிவியல் போதிக்கிறார்களாம்!

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 2001இல் பள்ளிகளில் கம்ப்யூட்டர் திட்டம் தொடங்கிற்று. மைக்ரோசாப்ட் சரக்கைப் பிள்ளைகள் தலையில் கட்டும் முயற்சியை ஆசிரியர் சங்கமே எதிர்த்தது. உரிமக் கட்டணம் இல்லாத, யாரும் திறந்து பார்த்துத் திருத்தக் கூடிய மென்பொருளுக்குப் பள்ளிகள் மாறின. ஒன்று முதல் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'களிப்பெட்டி' என்று தனிப் பாடநூலே வந்தது. கேரளம் ஒன்றும் குபேர பட்டணம் அல்ல. சங்கம் கட்டிய ஆசிரியர்கள் விழிப்பாக இருந்தார்கள். சர்க்கார் செலவு செய்தது.

கற்றுக் கொடுப்பது என்றால் விரலால் தள்ளி வீடியோ பார்க்கப் பழக்குவது அல்ல. அது வீட்டிலேயே நடக்கிறது, தேவைக்கு மேல் நடக்கிறது. மிஷினுக்குக் கட்டளை எழுதுவது எப்படி என்பதுதான் பாடம். அதை நம் வாசலிலிருந்தே தொடங்கலாம். புள்ளி வைத்து, ஒரு வளைவு இழுத்து, அதையே நாலு பக்கமும் திருப்பிப் போடுகிறாளே நம் வீட்டுப் பெண், அதுவும் ஒரு கட்டளை வரிசைதான். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு உழைத்தவர்களும் இந்தக் கோலத்தின் இலக்கணத்தை ஆராய்ந்து, 1974இல் ஒரு கம்ப்யூட்டர் ஆராய்ச்சிப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். விடியற்காலையில் கோலம் போட்டுவிட்டுக் களை எடுக்கப் போகும் தாயின் கையில் இருந்த கணக்கு அது! அவள் பிள்ளைக்கா கம்ப்யூட்டர் ஏறாது?

மே 1 அன்று கிராம சபை கூடும். அன்று போய் உட்காருங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை, அங்கேயும் போங்கள். நம் ஊர் ஆரம்பப் பள்ளியில் எத்தனை கம்ப்யூட்டர், எத்தனை ஓடுகிறது, பிள்ளை வாரத்தில் எத்தனை மணி நேரம் தொடுகிறது, நிரந்தர கம்ப்யூட்டர் ஆசிரியர் எப்போது வருவார் என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லி, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.